ராணுவக் குடும்பம் நம்ம ஸ்கூலுக்கு வந்தா என்னென்ன பண்ணலாம்: பெத்தவங்களுக்கும் டீச்சர்களுக்கும்

ராணுவத்துல இருக்கறவங்க பிள்ளைங்க அடிக்கடி ஸ்கூல் மாறுவாங்கன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா அது எவ்வளவு அடிக்கடின்னு யோசிச்சுப் பாத்திருக்க மாட்டோம். அமெரிக்காவுல ஒரு ராணுவக் குடும்பத்துப் பிள்ளை பன்னெண்டாவது முடிக்கறதுக்குள்ள பொதுவா 6 லேர்ந்து 9 ஸ்கூல் வரைக்கும் பாத்துடும்னு சொல்றாங்க, அதாவது சுமார் ரெண்டு வருஷத்துக்கு ஒருவாட்டி புது டீச்சர், புது சிலபஸ், மதியம் யாரு பக்கத்துல உக்காந்து சாப்பிடறதுன்னே தெரியாத புது இடம். இதுக்கு நடுவுல அப்பாவோ அம்மாவோ மாசக்கணக்குல டியூட்டிக்கு தூரமா போயிடுவாங்க.

இவங்களுக்குன்னு தனி ஸ்கூல் இருக்குமேன்னு நினைக்கலாம். இருக்கு, அமெரிக்க பாதுகாப்புத் துறை மட்டுமே சுமார் 160 ஸ்கூல் நடத்துது, இந்தியாவுல கேந்திரிய வித்யாலயா ஆரம்பிச்சதே 1963ல 20 ரெஜிமென்ட் ஸ்கூல்களை எடுத்து நடத்தித்தான். ஆனாலும் அமெரிக்காவுல ராணுவக் குடும்பத்துப் பிள்ளைங்கள்ல பெரும்பாலானவங்க படிக்கறது ஊர்ல எல்லாரும் படிக்கற சாதாரண பொதுப் பள்ளிலதான். அங்க இருக்கற டீச்சருக்கும் மத்த பெத்தவங்களுக்கும் ராணுவ வாழ்க்கையைப் பத்தி ஒண்ணும் தெரியாம இருக்கலாம், அதுல தப்பில்லை, ஆனா என்ன பண்ணணும்னு தெரிஞ்சுக்கறது கஷ்டமான விஷயமும் இல்லை.

நான் முதல்லயே சொல்லிடறேன், இந்த மாதிரி குடும்பத்துக்குத் தேவை வரவேற்பு விழாவோ பேனரோ இல்லை, பேர் சொல்லிக் கூப்பிடக்கூடிய ஒரு ஆள். வர்றதுக்கு முன்னாடி போன் எடுக்கற, வந்தப்புறம் நடுநடுவுல விசாரிக்கற, கிளம்பும்போது பேப்பரெல்லாம் சரியா இருக்கான்னு பாக்கற ஒரு ஆள் ஸ்கூல்ல இருந்தா பாதி வேலை முடிஞ்சது. அமெரிக்காவுல பர்ப்பிள் ஸ்டார்னு ஒரு அங்கீகாரம் இருக்கு, 2017ல ஒஹையோ மாநிலத்துல தொடங்கி அப்புறம் நிறைய மாநிலங்களுக்குப் பரவுச்சு, அதை வாங்கணும்னா ஸ்கூல்ல ராணுவக் குடும்பங்களுக்குன்னு ஒரு தொடர்பு ஆளை நியமிக்கணும், வெப்சைட்ல அவங்களுக்குன்னு ஒரு பக்கம் வைக்கணும், அப்படித்தான் விதியே இருக்கு. அந்த ஸ்டார் நம்ம ஊர்ல இல்லாட்டியும் பரவால்லை, ஆள் போடறதை யாரும் தடுக்கல.

யாரு ராணுவக் குடும்பம்னு முதல்ல தெரியணும்

இது சின்ன விஷயம் மாதிரி இருக்கும், ஆனா இங்கதான் பல ஸ்கூல் கோட்டை விடறாங்க. அட்மிஷன் பாரத்துல ஒரே ஒரு கேள்வி போதும், வீட்ல யாராவது ராணுவத்துல இருக்காங்களா, முழு நேரமா இல்ல ரிசர்வா அப்படின்னு. எதுக்காக கேக்கறோம்னும் கீழ ஒரு வரி எழுதிடுங்க, இல்லாட்டி சந்தேகப்படுவாங்க. விருப்பம் இருந்தா மட்டும் சொல்லட்டும், சொல்ல வேண்டாம்னு முடிவு பண்றவங்களை மறுபடி மறுபடி கேக்க வேண்டாம்.

அமெரிக்காவுல 2015ல வந்த கல்விச் சட்டம் முழு நேர ராணுவப் பணியில இருக்கறவங்க பிள்ளைங்களை மாநிலங்கள் தனியா கணக்கெடுக்கணும்னு சொல்லுது. இங்கிலாந்துல 2011லேர்ந்து சர்வீஸ் பியூப்பில் பிரீமியம்னு ஸ்கூலுக்குத் தனியா பணம் கிடைக்குது, அது அந்தப் பிள்ளைங்களோட மனசுக்கு ஆதரவா இருக்கறதுக்குத்தான் முக்கியமா கொடுக்கறாங்க, ஆனா அக்டோபர் மாசக் கணக்கெடுப்புக்கு முன்னாடி பெத்தவங்க ஸ்கூல்கிட்ட சொல்லியிருந்தாத்தான் அந்தப் பிள்ளை கணக்குல வரும். அதனால பெத்தவங்க தானா வந்து சொல்லட்டும்னு உக்காந்திருக்காம நாமளே கேக்கறது நல்லது.

ரிசர்வ்ல இருக்கற குடும்பங்களை தயவுசெஞ்சு மறந்துடாதீங்க. அவங்க ஊர் மாறவே மாட்டாங்க, பக்கத்துல ராணுவ முகாம் கூட இருக்காது, அப்பா சாதாரண ஆபீஸ் வேலைக்குத்தான் போவார், திடீர்னு ஒரு நாள் அழைப்பு வந்து பல மாசம் போயிடுவார். முகாம்ல இருக்கற குடும்பத்துக்காவது பக்கத்து வீட்டுல புரிஞ்சவங்க இருப்பாங்க, இவங்களைச் சுத்தி அப்படி யாரும் இருக்க மாட்டாங்க. அந்தக் கிளாஸ்லயே அந்தப் பிள்ளை ஒண்ணுதான் இந்த நிலைமைல இருக்கும்.

வர்றதுக்கு முன்னாடி

டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்த உடனே இந்தக் குடும்பங்கள் பண்ற முதல் வேலைகள்ல ஒண்ணு புது ஊர்ல ஸ்கூல் தேடறதுதான். வெப்சைட்ல போய்ப் பாப்பாங்க. அங்க யாருக்கு போன் பண்றது, என்னென்ன பேப்பர் வேணும், ஸ்கூல் எந்தத் தேதி திறக்கும், பஸ் உண்டா, விளையாட்டுக்குப் பேர் கொடுக்கறது எப்போ, இது அஞ்சும் ஒரே பக்கத்துல இருந்தா அவங்களுக்கு எவ்வளவு நிம்மதின்னு நமக்குத் தெரியாது. வீட்டு முகவரி கேட்டு அட்மிஷனை நிறுத்தி வைக்கறது ரொம்பப் பொதுவா நடக்கற ஒண்ணு, வீடே இன்னும் கிடைக்காம தற்காலிகமா தங்கியிருக்கறவங்ககிட்ட முகவரிச் சான்று எங்கேர்ந்து வரும், டிரான்ஸ்ஃபர் ஆர்டரையே ஏத்துக்க முடியுமான்னு நிர்வாகத்துக்கிட்ட முன்கூட்டியே பேசி வச்சுடுங்க.

அமெரிக்காவுல மாநிலத்துக்கு மாநிலம் போற இந்தப் பிள்ளைங்களுக்காக ஒரு ஒப்பந்தம் இருக்கு, 2008ல நடைமுறைக்கு வந்துச்சு, இப்போ 50 மாநிலமும் அதுல சேந்தாச்சு. அதுல இருக்கற விஷயங்கள் எந்த நாட்டு ஸ்கூலும் எடுத்துக்கற மாதிரி அவ்வளவு நடைமுறையா இருக்கு. பழைய ஸ்கூல் கையில கொடுத்து விடற ரெக்கார்டு நகலை வச்சே பிள்ளையை கிளாஸ்ல உக்கார வைக்கலாம், முறையான ரெக்கார்டை புது ஸ்கூல் கேட்டா பழைய ஸ்கூல் 10 நாளுக்குள்ள அனுப்பணும். தடுப்பூசி பாக்கி இருந்தா 30 நாள் டைம் உண்டு. பழைய ஸ்கூல்ல எந்த லெவல் கோர்ஸ்ல இருந்தானோ இங்கயும் முதல்ல அதே லெவல்ல போட்டுட்டு அப்புறம் டெஸ்ட் வச்சுப் பாத்துக்கலாம். அப்பா அம்மா ரெண்டு பேரும் டியூட்டில இருந்து பாட்டியோ சித்தியோ பாத்துக்கறாங்கன்னா, அவங்க கையில பவர் ஆஃப் அட்டர்னி இருந்தா சேர்க்கை பண்ணவும் கையெழுத்து போடவும் அதுவே போதும். இந்த ஒப்பந்தம் இருக்கற இடத்துலயே ஆபீஸ்ல உக்காந்திருக்கறவங்களுக்குத் தெரியாம குடும்பத்தை அலைய விடறது உண்டு, அதனால அட்மிஷன் பாக்கறவங்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவையாவது உக்கார வச்சு இதைச் சொல்லிக் கொடுங்க. டீச்சருக்கு டிரெயினிங் கொடுக்கறோம், ஆபீஸ் ஆளுங்களை விட்டுடறோம், ஆனா குடும்பம் முதல்ல பாக்கற முகம் அவங்களோடதுதான்.

முதல் நாள் மதியம்

காலையில கிளாஸ்ல டீச்சர் அறிமுகம் பண்ணி வச்சுடுவாங்க, அது பிரச்சனை இல்லை. பிரச்சனை சாப்பாட்டு நேரம். தட்டைக் கையில வச்சுக்கிட்டு எங்க உக்காரறதுன்னு தெரியாம நிக்கற அந்த நேரத்தை எந்தப் பிள்ளைக்கும் விட்டு வைக்கக் கூடாது. முதல் வாரம் முழுக்க கூட உக்கார ரெண்டு பிள்ளைங்களை முன்னாடியே ஏற்பாடு பண்ணுங்க, ஒரே ஒரு ஆள் வேண்டாம், அந்த ஒரு ஆள் லீவு போட்டா புதுசா வந்தவன் மறுபடி தனியாயிடுவான். முடிஞ்சா அந்த ரெண்டுல ஒண்ணு ஏற்கனவே ஸ்கூல் மாறி வந்த பிள்ளையா இருக்கட்டும். அமெரிக்காவுல மிலிட்டரி சைல்ட் எஜுகேஷன் கோயலிஷன்னு ஒரு அமைப்பு ஸ்டூடன்ட் டு ஸ்டூடன்ட்னு இதையே ஒரு திட்டமா நடத்துது, மாணவர்களே குழுவா இருந்து புதுசா வர்றவங்களை ஸ்கூல் சுத்திக் காட்டி, கூட்டம் சேத்து, கிளம்பறவங்களுக்கும் உதவி பண்ணுவாங்க. பெரியவங்க செய்யறதைவிட பிள்ளைங்க பிள்ளைங்களுக்குச் செய்யறதுக்கு மதிப்பு அதிகம்னு நான் உறுதியா நம்பறேன்.

டீம் செலக்‌ஷன், நாடகம், பாட்டுக் குழு இதெல்லாம் முந்தின டெர்ம்லயே முடிஞ்சிருக்கும், நடுவுல வர்ற பிள்ளை எதுலயும் சேர முடியாம வருஷம் முழுக்க வெளியில நின்னு வேடிக்கை பாக்கும். மேல சொன்ன ஒப்பந்தத்துல இதுக்கும் வழி இருக்கு, கடைசித் தேதி போயிருந்தாலும் தகுதி இருந்தா கலந்துக்க வாய்ப்பு கொடுக்கணும். கோச்சுகள்கிட்ட பேசி லேட்டா வர்றவங்களுக்கு ஒரு தனி டிரையல் வச்சுக்கோங்க. ஒரு பிள்ளைக்கு நண்பர்கள் கிடைக்கறதுக்கு இதைவிட வேகமான வழி எனக்குத் தெரியல.

பாடத்துல ஓட்டை இருக்கும், அது பிள்ளையோட தப்பு இல்லை

ஒவ்வொரு இடத்துலயும் பாடம் நடத்தற வரிசை வேற. ஒரு ஸ்கூல்ல பின்னம் அடுத்த வருஷம்னு வச்சிருப்பாங்க, மாறிப் போன ஸ்கூல்ல அது போன வருஷமே முடிஞ்சிருக்கும், ரெண்டுக்கும் நடுவுல விழுந்த பிள்ளை பின்னமே படிச்சிருக்காது. இன்னொரு பக்கம் ஒரே பாடத்தை ரெண்டு ஊர்ல ரெண்டு தடவை படிச்சுட்டு போரடிச்சு உக்காந்திருக்கும். மார்க்கை மட்டும் பாத்து படிப்புல மந்தம்னு முடிவு கட்டிடாதீங்க, முதல் ரெண்டு வாரத்துக்குள்ள என்ன படிச்சிருக்கான் என்ன விட்டுப் போச்சுன்னு உக்காந்து பேசிப் பாருங்க.

சிறப்புக் கவனம் தேவைப்படற பிள்ளைன்னா இன்னும் அவசரம். ஒவ்வொரு ஊர்லயும் மதிப்பீடு, வெயிட்டிங் லிஸ்ட்னு ஆறு மாசம் போச்சுன்னா அடுத்த டிரான்ஸ்ஃபரே வந்துடும். அமெரிக்கச் சட்டப்படி பழைய ஸ்கூல்ல தனிக் கல்வித் திட்டம் இருந்தா புது ஸ்கூல் முதல் நாள்லேர்ந்தே அதுக்கு ஈடான உதவியைக் கொடுக்கணும், புது மதிப்பீடு வேணும்னா அதைக் கூடவே நடத்திக்கலாம். மத்த இடங்கள்லயும் இதே முறையைப் பின்பத்தினா பிள்ளைக்கு வருஷம் வீணாகாது.

அப்பாவோ அம்மாவோ டியூட்டிக்குப் போயிருக்கும்போது

இதுக்குத்தான் ஸ்கூல் நிறைய யோசிக்கணும்னு எனக்குத் தோணுது, ஏன்னா வெளியில பாத்தா ஒண்ணும் தெரியாது. போறதுக்கு முன்னாடி ஒரு மாதிரி இருப்பாங்க, எரிச்சல், தூக்கமின்மை, சின்னப் பிள்ளைங்க ஒட்டிக்கிட்டே இருக்கறது. போனப்புறம் கொஞ்ச நாள்ல வீடு புது வழக்கத்துக்கு வந்துடும், மூத்த பிள்ளை வீட்டுல பெரிய மனுஷனா மாறிடுவான், தம்பியைக் கூட்டிட்டு வர்றது, சமையல்ல உதவறதுன்னு. அப்போ வீட்டுப் பாடம் லேட்டாகும், அதுக்குக் கொஞ்சம் விட்டுக் கொடுங்க, ஆனா எல்லாத்தையும் தள்ளுபடி பண்ணிடாதீங்க, அந்தப் பிள்ளைங்களுக்கு மாறாம இருக்கற ஒரே இடம் ஸ்கூலா இருக்கலாம், வழக்கமான நாள் வழக்கமா ஓடறதே அவங்களுக்குப் பலம்.

எல்லாரும் மறக்கற கட்டம் திரும்பி வர்றது. வந்துட்டாங்க இல்ல, இனிமே எல்லாம் சரின்னு நினைப்போம், ஆனா பல வீட்டுல அப்பத்தான் சிரமமே ஆரம்பிக்கும். பல மாசம் இல்லாதவர் வந்து மறுபடி சட்டம் பேசுவார், அவர் இல்லாதப்போ பெரியவனான பிள்ளைக்கு அது புடிக்காது, வந்தவரும் பழைய ஆள் மாதிரி இல்லாம இருக்கலாம், சில பேர் காயத்தோட வருவாங்க. அதனால விசாரிக்கறதை அவங்க வந்த அன்னைக்கே நிறுத்திடாதீங்க, இன்னும் சில மாசம் தொடருங்க. அப்பா லீவுல வந்திருக்கும்போது கூட இருக்க ரெண்டு மூணு நாள் லீவு கேட்டா அதை அனுமதிச்ச லீவாவே போடுங்க, பாடத்தைக் கையில கொடுத்து அனுப்பலாம்.

தூரத்துல இருக்கற பெத்தவரும் இன்னும் பெத்தவர்தான். ரிப்போர்ட் கார்டை அவருக்கும் தனியா மெயில் பண்ணுங்க. பேரன்ட் டீச்சர் மீட்டிங்கை வீடியோ கால்ல வைங்க, நேர வித்தியாசம் பாத்து அவருக்கு முடியற நேரத்தைக் கேளுங்க, நெட் கிடைக்காத இடத்துல இருந்தா டீச்சர் ரெண்டு நிமிஷம் பேசி ரெக்கார்ட் பண்ணி அனுப்பினாலே போதும். ஆண்டு விழால அந்தப் பிள்ளை வர்ற பகுதியை மட்டும் வெட்டி அனுப்பறதுக்கு யாராவது ஒரு பெத்தவர் பொறுப்பெடுத்துக்கலாம். அப்பாவோட வந்து ஆடுங்க, அம்மாவோட வந்து சாப்பிடுங்கன்னு நிகழ்ச்சி வைக்கறப்போ உங்களுக்குப் புடிச்ச பெரியவங்க யாரையும் கூட்டிட்டு வாங்கன்னு எழுதினா யாருக்கும் குறை இல்லை. இன்னொண்ணு, டியூட்டிக்குப் போறவங்க அப்பாதான்னு நாமளா முடிவு பண்ணிக்கக் கூடாது, அம்மாக்களும் போறாங்க, சில வீட்டுல ரெண்டு பேருமே.

என்ன கேக்கக் கூடாது, எதைப் போடக் கூடாது

எங்க இருக்கார், எப்போ வர்றார், எந்தப் படைப்பிரிவுன்னு பிள்ளைகிட்ட கேக்காதீங்க, அது அவங்களுக்குப் பாதுகாப்பு விஷயம், வெளியில சொல்லக் கூடாதுன்னு வீட்டுல சொல்லித்தான் அனுப்பியிருப்பாங்க. ஸ்கூல் வாட்ஸப் குரூப்லயும் ஃபேஸ்புக்லயும் இன்னாரோட அப்பா இந்தத் தேதி திரும்பறார்னு சந்தோஷத்துல போட்டுடுவோம், அதை எழுத்துப்பூர்வமா அவங்க அனுமதி இல்லாம பண்ணவே பண்ணாதீங்க. ஸ்கூல்ல திடீர்னு அப்பா தோன்றி சர்ப்ரைஸ் கொடுத்து வீடியோ எடுக்கறதும் அப்படித்தான், எல்லாப் பிள்ளைக்கும் நூறு பேர் முன்னாடி அழறது புடிக்காது, முதல்ல வீட்டுல கேளுங்க. அந்தக் கிளாஸ்லயே அப்பாவை இழந்த பிள்ளையும் இருக்கலாம், அதையும் நினைச்சுப் பாருங்க.

போர்ல யாரையாவது கொன்னிருக்காரா, பயமா இல்லையா, உனக்குப் பழகியிருக்குமே இந்த மாதிரி கேள்விகளை மத்த பிள்ளைங்க கேப்பாங்க, டீச்சர் முன்கூட்டியே கிளாஸ்ல பொதுவா பேசி வைக்கலாம். டிவில எங்கயாவது சண்டை செய்தி ஓடறப்போ கிளாஸ்ல அதைப் பத்தி விவாதம் வைக்கப் போறீங்கன்னா அந்தப் பிள்ளைக்கும் வீட்டுக்கும் முன்னாடியே சொல்லிடுங்க, வேணும்னா அந்த நேரம் லைப்ரரில உக்காரலாம்னு வாய்ப்பு கொடுங்க. போரைப் பத்தி உங்க கருத்து என்னவா வேணாலும் இருக்கலாம், அந்தப் பிள்ளை அந்த முடிவை எடுக்கல.

பெத்தவங்களை எப்படி உள்ள கொண்டு வர்றது

பிடிஏ கூட்டத்துக்கு இவங்க வர்றதே இல்லைன்னு குறை சொல்றதை கேட்டிருக்கேன். வீட்டுல இருக்கறவங்க ஒத்தை ஆளா எல்லாத்தையும் பாத்துக்கிட்டு இருக்காங்க, சாயங்காலம் ஏழு மணிக்கு மூணு பிள்ளைங்களை யார்கிட்ட விட்டுட்டு வருவாங்க, புது ஊர்ல சொந்தக்காரங்க இருக்கறதும் இல்லை. கூட்டம் நடக்கும்போது பக்கத்து ரூம்ல பிள்ளைங்களைப் பாத்துக்க பெரிய கிளாஸ் மாணவர்கள் ரெண்டு பேரை ஒரு பெரியவரோட சேத்து வைங்க, ஆன்லைன்லயும் சேரலாம்னு லிங்க் கொடுங்க, கூட்டத்துல முடிவானதை அன்னைக்கே சுருக்கமா குரூப்ல போடுங்க.

பொறுப்புகளையும் வேற மாதிரி பிரிக்கணும். வருஷம் முழுக்கச் செய்யற செயலாளர் வேலையைக் கேட்டா தயங்குவாங்க, எப்போ ஆர்டர் வரும்னு அவங்களுக்கே தெரியாது. ஒரு நாள் புத்தகக் கண்காட்சி, வீட்டுல உக்காந்து பண்ற போஸ்டர், ரெண்டு மணி நேர லைப்ரரி வேலைன்னு ஆரம்பமும் முடிவும் தெரியற வேலையாக் கொடுங்க. பெரிய பொறுப்புன்னா ரெண்டு பேரைச் சேத்துப் போடுங்க, ஒருத்தர் நடுவுல கிளம்பினாலும் நிக்காது. கமிட்டித் தேர்தல் ஸ்கூல் வருஷம் முடியறப்போ நடக்கும், இவங்க வந்து சேர்றது லீவுலதான், வர்றதுக்குள்ள எல்லா இடமும் நிரம்பியிருக்கும். அதனால கமிட்டில ஒரு இடத்தைப் புதுசா வர்றவங்களுக்குன்னு காலியா விட்டு வைங்க, ஸ்கூல் திறந்து ஒரு மாசம் கழிச்சு நிரப்பலாம். செலவில்லாத ஏற்பாடு, ஆனா இதைப் பண்ற ஸ்கூல் ரொம்பக் கம்மி.

அப்புறம் அவங்ககிட்ட யோசனை கேளுங்க. நாலஞ்சு ஸ்கூலை உள்ளேர்ந்து பாத்தவங்க நம்மள்ல வேற யாரு இருக்கா? பழைய ஸ்கூல்ல எது நல்லா இருந்துச்சுன்னு கேட்டு அதுல ஒண்ணையாவது இங்க செஞ்சு பாருங்க, தன்னோட சொல்லுக்கு இங்க மதிப்பு இருக்குன்னு அவங்களுக்கு அப்பத்தான் தெரியும். உங்க தியாகத்துக்கு நன்றின்னு மேடைல கூப்பிட்டு நிறுத்தறதுல சில பேருக்கு சந்தோஷம், சில பேருக்குக் கூச்சம், கேட்டுட்டுச் செய்யுங்க.

அமெரிக்காவுல ஏப்ரல் மாசம் ராணுவக் குடும்பத்துப் பிள்ளைங்களுக்கான மாசம், 1986ல அப்போ பாதுகாப்பு அமைச்சரா இருந்த காஸ்பர் வைன்பெர்கர் கொண்டு வந்தது, அந்த மாசத்துல ஒரு நாள் எல்லாரும் ஊதா கலர் போட்டுட்டு வருவாங்க, தரைப்படை கடற்படைன்னு பிரிக்காம எல்லாப் படைகளையும் சேத்துக் குறிக்கற கலர் அது. நல்ல விஷயம்தான், பண்ணுங்க, ஆனா மத்த பதினோரு மாசம் போன் எடுக்க ஆள் இல்லாம அந்த ஒரு நாள் சட்டை மட்டும் போட்டா குடும்பங்களுக்கு அது தெரிஞ்சுடும்.

கிளம்பும்போது

வரவேற்கறதுல காட்டற அக்கறையில பாதிகூட வழியனுப்பறதுல இருக்கறதில்லை. ஆர்டர் வந்துடுச்சுன்னு தெரிஞ்ச உடனே ஒரு ஃபைல் தயார் பண்ணுங்க, மார்க், வருகைப் பதிவு, தடுப்பூசி நகல், எந்தப் புத்தகத்துல எந்தப் பாடம் வரைக்கும் முடிச்சிருக்கான்னு ஒரு பட்டியல், எழுத்து வேலைல ரெண்டு மூணு மாதிரி, சிறப்புத் திட்டம் இருந்தா அதோட முழு நகல், எல்லாத்துக்கும் மேல கிளாஸ் டீச்சர் அடுத்த டீச்சருக்கு எழுதற ஒரு பக்கக் கடிதம். இவனுக்கு எது புடிக்கும், எதுக்குப் பயப்படுவான், எப்படிச் சொன்னா கேப்பான்னு அதுல இருக்கட்டும், எந்த மார்க் ஷீட்டும் சொல்லாத விஷயம் அது. ஃபைலைக் குடும்பத்து கையிலயே கொடுங்க, தபால்ல வர்றதுக்கு முன்னாடி பிள்ளை அங்க போய் நின்னுடும்.

கூடப் படிச்ச பிள்ளைங்களுக்கும் சொல்லிட்டுப் போக நேரம் கொடுங்க, ஒரு நாள் காலையில வந்து பாத்தா பெஞ்ச் காலியா இருந்தா அவங்களுக்கும் அது வலிக்கும். கிளம்பற குடும்பத்துக்கிட்ட, இந்த ஸ்கூலுக்கு வந்தப்போ முதல் மாசம் என்ன தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்னு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லுங்க, பேர் போடாம அதை அப்படியே வெப்சைட்ல அந்தப் பக்கத்துல சேருங்க. தொடர்பு ஆளா இருக்கற டீச்சரும் ஒரு நாள் மாறிப் போவாங்க, அதனால எப்பவும் ரெண்டு பேர் பேரும் போன் நம்பரும் அங்க இருக்கணும், ஒவ்வொரு வருஷமும் ஸ்கூல் திறக்கறதுக்கு முன்னாடி அந்த நம்பருக்கு ஒரு தடவை நீங்களே போன் பண்ணி யாராவது எடுக்கறாங்களான்னு பாத்துடுங்க.